தமிழ்த் தடத்தில் இரைச்சல்

உபேக்‌ஷாவின் மின்னஞ்சல் இரண்டு வரி:
சிங்களம் சரி, ஆங்கிலம் சரி.
தமிழ்த் தடத்தில் ஓர் இரைச்சல்.

மற்ற இரண்டையும்
ராஜகிரியவில் கலையகம் பிடித்துப் பதிந்தார்கள்.
என்னிடம், வீட்டிலிருந்தே அனுப்பலாம்தானே என்றார்கள்.
அனுப்பினேன்.
கதவு மூடுகிறது. ம்ம்ம்ம்.
ஐந்தாம் மாடி. ம்ம்ம்ம்.
ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் யாரோ
வாய் திறக்காமல் ஆமோதிப்பதுபோல.

மைக் என் கைவேலை.
உடல், பழுதான பித்தளை ரோர்ச்.
உள்ளே சுண்டுவிரல் உயரத்தில் ஒரு வால்வு.
அதற்குச் சோறு போடும் பெட்டி
கிறீம் கிறெக்கர் தகரம்.
மூடியைத் திறந்தால் நூற்றிருபது வோல்ற்.
பிளக்கைக் கழற்றினாலும் கப்பாசிற்றர்
கோபத்தைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கும்;
இடக்கையைப் பொக்கெற்றுக்குள் போட்டுக்கொண்டு
வலக்கையால் மட்டும் தொடுவேன்.
ஒருமுறை மறந்தேன்.
தோள்மூட்டு இன்னும் மறக்கவில்லை.

முதல் சந்தேகம் எர்த் வயர்மேல்.
திருகாணியின் கீழே கடற்காற்று
பச்சையாய்ப் பூத்திருந்தது.
சுரண்டி, புதிதாய் ஈயம் வைத்தேன். ம்ம்ம்ம்.
கேபிளை மாற்றினேன். ம்ம்ம்ம்.
வால்வையும் மாற்றினேன்.
அதன் விலையில் பாதியைத்தான்
அறைத்தோழி ஜெகதாவுக்குச் சொன்னேன்.
ம்ம்ம்ம்.

ஞாயிறு நண்பகலில் போட்டுப் பார்த்தால்
ஒரு சத்தமும் இல்லை.
ஆனால் வெள்ளவத்தையில்
நண்பகலில் யார் பதிவது?
இந்தப் பக்கம் காலி வீதி, அந்தப் பக்கம் ரயில்,
இடையில் லொத்தர் விற்கிறவரின் ஒலிபெருக்கி.
ஊர் அடங்கும்போது மைக் தொடங்கியது.
மைக் அடங்கும்போது ஊர்.

பிறகொரு நாள் இரவு ஒன்றரைக்கு
விழிப்பு வந்து, ஏனோ ஸ்விட்சைப் போட்டேன்.
ஹெட்போனில் ஒன்றுமே இல்லை.
என் இமை மூடும் சத்தம் கேட்டது என்றால்
ஜெகதா நம்பமாட்டாள்.

மறுநாள் மாலை
மைக்கை விட்டுவிட்டு
சுவர்ப் பிளக்கில் மீற்றரைச் செருகி உட்கார்ந்தேன்.
ஆறு மணி, இருநூற்று இருபத்தாறு.
ஏழு மணி, இருநூற்றுப் பதினைந்து.
எட்டரைக்கு இருநூற்று ஆறு;
லிஃப்ட் கிளம்பும்போதெல்லாம்
இன்னும் மூன்று குறைந்தது.

தகரத்துக்குள் கணக்கு இப்படி:
வால்வின் இழைக்கு ஆறு தசம் மூன்று வேண்டும்.
அதைப் பிசகாமல் கொடுக்க
றெகுலேற்றருக்கு ஒன்பதாவது வரவேண்டும்.
வருவது எட்டு,
அதுவும் நொடிக்கு நூறு தடவை
குழியில் விழுந்தெழும்பி வருகிற எட்டு.
ஒவ்வொரு குழியிலும் றெகுலேற்றர் கைவிட
வால்வு அதை எனக்குச் சொல்ல
நான் அதை உபேக்‌ஷாவுக்கு அனுப்பியிருக்கிறேன்:
மூன்றாம் மாடியின் இரண்டு ஏசி,
பெரேரா வீட்டு ரைஸ் குக்கர்,
நாளைய வெள்ளை யூனிபோர்முக்கு
இந்தத் தெரு முழுக்கச் சூடேறும் அயன்.

முதலாம் குறுக்குத் தெருவில் பாயிஸ் நானா
ஒன்பது வோல்ற் றான்ஸ்போமரைத்
தூசி ஊதிக் கொடுத்தார்.
"இது கூடச் சுடும். பெரிய தகடொண்டு போடுங்க."
தகடும் அவரே தந்தார்,
ஏதோ செத்த அம்ப்ளிபயரிலிருந்து கழற்றி.
காசு கேட்கவில்லை. பிறகு கேட்டார்.

இன்று எட்டே முக்கால்.
மீற்றரில் இருநூற்று ஐந்து.
தெருவில் எல்லாம் எரிகிறது, சுழல்கிறது, வேகிறது.
ஹெட்போனில் நான் மட்டும்.
பதினோராம் தடவை
மேலே செல்கிறது என்றேன்.
அந்த நேரம் பார்த்து எங்கள் லிஃப்டும் மேலே போக
மூன்று வோல்ற் இறங்கி ஏறியது.
வால்வு கண்டுகொள்ளவில்லை.

எங்கள் லிஃப்ட் பழசு, எந்த மொழியும் தெரியாது.
மாடி வந்தால் மணி அடிக்கும்.
அந்த மணி
செல்கிறதுக்கும் பிறகு
சுத்தமாக, அழகாக விழுந்திருக்கிறது.

இன்னொரு தடவை எடுக்க வேண்டும்.